மனநல ஆலோசகர்களுக்கு முறையான வழிகாட்டல் வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் அரசு மனநலப் பணியில் உளவியல் ஆலோசகராகப் பத்தாண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறேன். எங்கள் அலுவலகங்களில் மேற்பார்வை என்றால், பதிவேட்டைப் புரட்டி இம்மாதம் எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று கேட்டுக் கையெழுத்திடுவது என்றே பொருளாகிவிட்டது. உளச்சிகிச்சைத் துறையில் அச்சொல் குறிப்பது வேறு. சிகிச்சை அளிப்பவர் தம்மைவிட அனுபவம் மிக்க ஒருவரிடம், குறித்த நாளில், தாம் பார்க்கும் நோயரைப் பற்றியும், அவர் எதிரே அமர்ந்திருக்கையில் தம் மனத்தில் எழுபவற்றைப் பற்றியும் மறைக்காமல் பேசித் தெளிவு பெறுவதே அது.

இதன் அருமையைப் பிழை செய்தே அறிந்தேன். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என நீளும் வீட்டில் தனித்திருந்த மூதாட்டி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். என் தாயார் காலமாகி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அம்மூதாட்டியின் தனிமையைக் காணப் பொறாமல், அவர் சொல்ல வந்த துயரத்தைச் சொல்லி முடிக்கவிடாமல், ஒவ்வொரு முறையும் ஆறுதல் கூறியே அனுப்பினேன். நாளடைவில் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். நீ ஆற்றிக்கொண்டிருப்பது யாருடைய துக்கத்தை என்று என்னைக் கேட்க அன்று ஒருவர் இருந்திருந்தால், அம்மூதாட்டி தொடர்ந்து வந்திருப்பார் என்றே நம்புகிறேன்.

மருத்துவ உளவியலில் எம்.ஃபில். பயிலும் இரண்டாண்டுகளில் இத்தகைய வழிகாட்டல் உண்டு. பணிக்கு வந்தபின் எனக்கு அது ஒருமுறைகூட வாய்த்ததில்லை. பிரிட்டனின் அரசு உளச்சிகிச்சைச் சேவையிலோ, பணியில் இருப்போருக்கும் வாரம் ஒரு மணி நேரம் என்பது நெறியாகவே வகுக்கப்பட்டுள்ளது. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் சிகிச்சையை எளிய மக்களின் அருகே கொண்டுவந்தது பெரும் பேறு. ஆயினும் தற்கொலை எண்ணத்தோடு வந்தவரைக் காலையில் பார்த்துவிட்டு, அந்தப் பாரத்தை இறக்கி வைக்க ஆளின்றி மாலையில் பேருந்தேறிய நாட்கள் எனக்குப் பல.

சிவகங்கை அல்லது மதுரை அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மூத்தவர் ஒருவருடன், நேரிலோ காணொளியிலோ, மாதம் இருமுறை பேச ஏற்பாடு செய்தால் போதும். அவர் எங்கள் பணி மதிப்பீட்டை எழுதும் அதிகாரியாக இருத்தல் கூடாது. மதிப்பீடு எழுதுபவரிடம் தம் தவறை எவர் மனம்விட்டு ஒப்புக்கொள்வார்? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயரின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. பெயரும் ஊரும் குறிப்பிடாமல் பேசினால் அதற்கும் பங்கம் வராது. மக்கள் நல்வாழ்வுத் துறை இதற்கென ஓர் ஆணை பிறப்பித்து, அந்த நேரத்தைப் பணிநேரமாகவே கணக்கிட வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உளவியல் ஆலோசகர்,
காரைக்குடி.