தட்டணுக் கொடையாளர்களுக்கும் ஒரு பட்டியல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைவர்களின் பிறந்தநாள்களையும் நினைவு நாள்களையும் ஒட்டி நடைபெறும் இரத்ததான முகாம்களைப் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். கைம்மாறு கருதாமல் இரத்தம் கொடுக்கும் அந்த இளைஞர்களைப் போன்றவர்களால்தான் நான் இன்று உயிருடன் இருக்கிறேன். அந்த முகாம்களால் மட்டும் நிறைவு செய்துவிட முடியாத ஒரு தேவை, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) கொடை. அதைப் பற்றித் தங்கள் வாசகர்களிடமும் சுகாதாரத் துறையிடமும் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு வந்தது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்னும் நிணநீர் மண்டலப் புற்றுநோய். கழுத்தில் நெறி கட்டியதில் தொடங்கியது. நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் டாக்சோரூபிசின் உட்பட நான்கு மருந்துகளை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று ஆறு மாத காலம் ஏற்றினார்கள். இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் அந்த முதல் சிகிச்சையிலேயே குணமடைந்துவிடுகிறார்கள். எனக்கு நோய் திரும்பியது. வேறு மருந்துகளைக் கொடுத்து அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு, ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்துவிடலாம் என்று மருத்துவர்கள் முடிவெடுத்தார்கள்.

அதை அறுவை சிகிச்சை என்றே எங்கள் ஊரில் பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் இதில் கத்தி படுவதில்லை. வளர்ச்சி ஊசிகளைப் போட்டு, எலும்பு மஜ்ஜையில் இருந்து இரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்களான ஸ்டெம் செல்களை இரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரத்தின் வழியே பிரித்தெடுத்துத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிடுகிறார்கள். அதன்பின் சில நாள்களுக்கு மிக உயர்ந்த அளவில் கீமோதெரபி கொடுக்கிறார்கள். மெல்ஃபலான் என்ற மருந்து ஏறும்போது வாய் புண்ணாகாமல் இருக்க ஐஸ் துண்டுகளை விடாமல் வாயில் அடக்கிக்கொண்டிருக்கச் சொல்வார்கள். அந்தக் கீமோதெரபி, எஞ்சிய புற்றணுக்களோடு சேர்த்து மஜ்ஜையையும் வெறுமையாக்கிவிடுகிறது. பிறகு நம்முடைய செல்களையே உருக்கி, சாதாரண இரத்தம் ஏற்றுவதுபோல நமக்குத் திரும்பச் செலுத்துகிறார்கள். அவை மஜ்ஜையில் போய்த் தங்கி, புதிய அணுக்களை உண்டாக்கத் தொடங்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது.

நோயாளியின் உயிர் பிறர் கையில் இருப்பது அந்த இரண்டு வாரத்தில்தான். வெள்ளணுக்கள் இல்லாத குறைக்குத் தனியறையும் ஆன்டிபயாடிக்கும் இருக்கின்றன. தட்டணுக்களோ, அந்த நாள்களில், இன்னொரு மனிதர் கொடுத்தால்தான் உண்டு. நலமாக இருப்பவருக்கு ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். அது பத்தாயிரத்துக்குக் கீழே போனால், எங்கும் இரத்தம் கசியாவிட்டாலும் முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றுவார்கள். காலையில் வரும் செவிலியர் முதலில் என் கணுக்காலைத்தான் திருப்பிப் பார்ப்பார். அங்கே புதிதாகச் சிவப்புப் புள்ளிகள் முளைத்திருந்தால் அன்றைய தட்டணு எண்ணிக்கை என்னவாக இருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்துவிடும். பல் துலக்கக் கூடாது, மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. தட்டணுப் பை வந்ததும் செவிலியர் அதை வெளிச்சத்தில் பிடித்து மெல்ல அசைத்துப் பார்ப்பார். வெளிர்மஞ்சள் திரவத்துக்குள் மினுமினுப்பான சுழல் தெரிந்தால் தட்டணுக்கள் நல்ல நிலையில் இருக்கின்றன என்று பொருள்.

சிவப்பணுக்களை ஒரு மாதத்துக்கு மேலும் குளிர்பெட்டியில் வைத்திருக்கலாம். தட்டணுக்களைக் குளிரவைக்கும் வழக்கம் இல்லை. அறை வெப்பநிலையில், இடைவிடாமல் அசைந்துகொண்டிருக்கும் தட்டில் வைத்தாலும் ஐந்து நாள்தான் தாங்கும். முகாமில் எடுத்த இரத்தத்திலிருந்தும் தட்டணுக்களைப் பிரிக்கலாம். ஆனால் எடுத்த சில மணி நேரத்துக்குள், ஐஸில் வைக்காமல் இரத்த வங்கிக்குக் கொண்டுவந்து சேர்த்தால்தான் அது முடியும். தொலைவிலுள்ள ஊர்களில் நடக்கும் முகாம்களில் இது எளிதன்று. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் கொடுத்தாலும், அந்தத் தட்டணுக்கள் ஐந்து நாளில் பயனற்றுப் போகின்றன. அடுத்த வாரத்து நோயாளிக்கு அடுத்த வாரம் ஒருவர் வந்து கொடுத்தாக வேண்டும். இயந்திரத்தின் மூலம் ஒரே கொடையாளரிடமிருந்து தட்டணுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு சிவப்பணுக்களை அவருக்கே திருப்பிச் செலுத்தும் முறையில், முகாம் இரத்தத்தில் ஐந்தாறு பேரிடமிருந்து கிடைக்கும் அளவு ஒருவரிடமிருந்தே கிடைத்துவிடுகிறது.

இந்தக் கொடையாளரைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு இன்று பெரும்பாலும் நோயாளியின் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. பெருநகர மருத்துவமனைகளில் இச்சிகிச்சைக்கு வருபவர்களில் பலர் வெளி மாவட்டத்தவர்கள். அறிந்தவர் யாரும் அந்நகரில் இருக்க மாட்டார்கள். என் தம்பி பகலில் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இரவெல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் கொடையாளர்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து இரவு முழுவதும் பேருந்தில் வந்த உறவினர் ஒருவரை, முந்தைய நாள் உடல்வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரை போட்டிருந்த காரணத்தால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது சரியான விதிதான், ஏனென்றால் ஆஸ்பிரின் தட்டணுக்களைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆனால் அதை அவருக்கு முன்கூட்டியே யாரும் சொல்லியிருக்கவில்லை. கடைசியில் முகம் தெரியாத ஒரு கல்லூரி மாணவர் வந்து கொடுத்தார்.

விலைக்கு இரத்தம் கொடுக்கும் முறையை உச்ச நீதிமன்றம் தடைசெய்து, அந்தத் தடை 1998-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. இருந்தும், 'நீங்களே ஆள் கொண்டு வாருங்கள்' என்று பதறி நிற்கும் குடும்பத்திடம் சொல்லும் வழக்கம் நீடிக்கும்வரை, மருத்துவமனை வாசலில் தரகர்களுக்கு இடம் இருந்துகொண்டேதான் இருக்கும். நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டியவர்களை இப்படி அலையவைப்பது கொடுமை என்றே நான் கருதுகிறேன்.

இதற்குப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை. கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கங்கள் (ரெட் ரிப்பன் கிளப்) என்னும் மாணவர் அமைப்புகள் இருக்கின்றன. மாநில குருதிப் பரிமாற்றுக் குழுமம் இருக்கிறது. தட்டணு பிரிக்கும் இயந்திரம் உள்ள ஒவ்வோர் இரத்த வங்கியும் தன்னைச் சுற்றியுள்ள கல்லூரிகள், தொழிற்சாலைகள், அலுவலகங்களிலிருந்து விருப்பமுள்ளவர்களின் இரத்த வகையையும் தட்டணு எண்ணிக்கையையும் முன்பே சோதித்து, பட்டியலிட்டு, முறைவைத்து அழைக்கலாம். முழு இரத்தம் கொடுத்த ஆண்கள் மீண்டும் கொடுக்க 90 நாளும் பெண்கள் 120 நாளும் காத்திருக்க வேண்டும். தட்டணுவையோ, விதிகளின்படி, 48 மணி நேர இடைவெளிக்குப் பின் மீண்டும் கொடுக்கலாம், ஓர் ஆண்டில் 24 முறை வரை கொடுக்கலாம். அத்தனை முறை யாரையும் அழைக்கத் தேவையில்லை. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வர ஒப்புக்கொள்ளும் சில நூறு பேர் ஒரு பட்டியலில் இருந்தாலே, எத்தனையோ குடும்பங்கள் இரவில் உறங்கும்.

தட்டணுக்கள் கிடைத்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்கும் மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் ஏற்றும் தட்டணுக்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கொடையாளரின் வெள்ளணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கும் அபாயம் உண்டு, நெருங்கிய உறவினர் கொடுத்தால் அந்த அபாயம் இன்னும் கூடும். அதற்கான கருவி எல்லா இரத்த வங்கிகளிலும் இல்லை. மாற்றுச் சிகிச்சைப் பிரிவு தொடங்கும் மருத்துவமனைகளுக்கு அந்த வசதியையும் சேர்த்தே அரசு உறுதிசெய்ய வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையோடு டெங்குவும் வந்துவிட்டால் தட்டணுக்களுக்கான தேவை பன்மடங்காகிவிடும்; அப்போது புற்றுநோயாளிகளின் குடும்பங்கள் படும் பாடு சொல்லி மாளாது. ஆகவே மழைக்கு முன்பே இப்பட்டியலைத் தயாரிக்கும் பணியைத் தொடங்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். முகாம் செய்திகளை வெளியிடும்போது, 18 முதல் 60 வயதுக்குட்பட்ட, குறைந்தது 50 கிலோ எடையுள்ள, மூன்று நாள்களாக ஆஸ்பிரின் உட்கொள்ளாத எவரும் தட்டணுக் கொடைக்குப் பெயர் கொடுக்க முன்வரலாம் என்ற குறிப்பையும், அருகில் எந்த இரத்த வங்கியில் அந்த வசதி உள்ளது என்பதையும் தாங்கள் சேர்த்து அச்சிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
தென்காசி மாவட்டம்.