பேத்திக்கு மூக்கு வழியாக உணவு கொடுக்கும் குழாய் குறித்துத் தோழிக்கு

கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நான்கு வயதுப் பேத்திக்கு மூக்கு வழியாகக் குழாய் வைத்து உணவு கொடுக்க வேண்டுமென்று திருவனந்தபுரத்தில் மருத்துவர்கள் சொன்னதிலிருந்து உன் மருமகள் அழுதுகொண்டிருப்பதையும், "குழாய் வரைக்கும் வந்துவிட்டதென்றால் இனி என்ன இருக்கிறது" என்று உன் மதினி வாய்விட்டுச் சொல்லிவிட்டதையும் படித்தேன். பாளையங்கோட்டையில் குழந்தைகள் வார்டில் செவிலியாக இருந்த காலமெல்லாம் இதே பேச்சைக் கேட்டவள் நான். ஆகவே ஊர்ச் செய்திகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொண்டு, இதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் மூக்கில் குழாயோடு நாம் பார்த்தவர்கள் பெரும்பாலும் பக்கவாதத்தில் படுத்துவிட்ட முதியவர்கள். அதனால்தான் குழாய் என்றதும் கடைசிக் கட்டம் என்று மனம் போய்விடுகிறது. பேத்திக்கு வந்திருக்கும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய், குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகப் பரவலானது. சிகிச்சையை முழுமையாக முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ஆனால் அந்தச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்வது. உடம்பில் சத்துக் குறைந்த பிள்ளைக்குத் தொற்று எளிதில் வரும், கீமோ மருந்தைத் தாங்காது, தவணைகள் தள்ளிப்போகும். தவணை தள்ளிப்போகாமல் இருப்பதற்காகத்தான் இப்போதே குழாய் வைக்கச் சொல்கிறார்கள். கைவிட நினைப்பவர்கள் இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் மாதம் ஓயாமல் சோறு கேட்டவள் இப்போது வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தாய். அந்தப் பசி ஸ்டீராய்டு மருந்தால் வந்தது. அடுத்த கட்டத்தில் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தைக் கொடுக்கும்போது வாயிலும் தொண்டையிலும் புண் வரலாம், வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து மலச்சிக்கலைத் தரும், நாக்குக்கு எல்லாம் உலோகம்போல் கசக்கும். ஸ்டீராய்டால் ஊதிய கன்னத்தைப் பார்த்துப் பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. உள்ளே தசை கரைந்திருக்கும். அதனால்தான் எடையோடு நிற்காமல் மேல்கையின் நடுவில் நாடாவைச் சுற்றி அளக்கிறார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தச் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் குறைந்தால் ஊட்டக்குறைவு, 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் கடுமையான ஊட்டக்குறைவு.

குழாய் வைப்பது அறுவை சிகிச்சை அன்று. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் வாய்ப்புண்ணையும் பார்த்துவிட்டு, மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரைக்கும், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை வரைக்கும் அளந்து, அந்த நீளத்துக்கு மெல்லிய குழாயை உள்ளே செலுத்துவார்கள். அந்தச் சில நொடிகள் பிள்ளைக்குக் குமட்டும், அழுவாள். அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு வேளையும் உணவு கொடுப்பதற்கு முன் குழாய் இருக்கும் இடத்தைச் சரிபார்ப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மூக்கருகே உள்ள அடையாளக் கோடு நகரவில்லை என்று பார்த்து, சிரிஞ்சால் குழாய் வழியே வயிற்று நீரைக் கொஞ்சம் உறிஞ்சி, அமிலம் பார்க்கும் காகிதத்தில் விட்டால் அமில அளவு (pH) 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எதையும் ஊற்றாமல் மருத்துவமனையைக் கேட்க வேண்டும். காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்கும் பழைய வழக்கத்தை நம்பவே கூடாது. தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துக் கொடுக்க வேண்டும், முடிந்தபின் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். முன்னும் பின்னும் ஆறவைத்த வெந்நீர் விட்டுக் குழாயைக் கழுவினால் அடைக்காது. இடையில் இருமினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

நீ பாசத்தில் செய்துவிடக்கூடிய ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வழி கிடைத்துவிட்டதே என்று முதல் நாளே நிறைய ஊற்றச் சொல்லாதே. பல நாள் சரியாகச் சாப்பிடாத உடம்பில் திடீரென்று உணவு நிறையப் போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து இதயத்துக்கே ஆபத்தாகும். அதனால்தான் உணவியலாளர் குறைவாகத் தொடங்கி, ரத்தத்தைச் சோதித்துச் சோதித்து அளவைக் கூட்டுவார். வீட்டில் காய்ச்சிய கஞ்சியையும் அவரைக் கேட்காமல் குழாயில் விட வேண்டாம். குழாயும் அடைக்கும், சத்தும் போதாது.

குழாய் இருக்கிறது என்பதற்காக வாயால் சாப்பிடுவதை நிறுத்த வேண்டியதில்லை, மருத்துவர் தடுத்தாலொழிய. எங்கள் வார்டில் ஒரு பையன் குழாயோடு இருந்தபோது, அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொதி ஊற்றிச் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டுமென்று கை நீட்டினான். இரண்டு கரண்டிதான் உள்ளே போயிற்று, ஆனாலும் அந்தத் தாயின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்கு முன் ஒவ்வொரு வேளையும் கிண்ணத்தோடு அவனிடம் மல்லுக்கட்டியவள் அவள். சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் குழாயால் நீங்கியதும் அவர்கள் மறுபடி அம்மாவும் பிள்ளையுமாக ஆனார்கள். உன் மருமகள் தன்னால் ஊட்ட முடியவில்லையே என்று குமைகிறாள் என்று தெரிகிறது. அவள் ஊட்டாததால் வந்ததன்று இது, மருந்து செய்வது. குழாய் வழியே கொடுப்பதும் அவள் கைதான் என்று அவளிடம் சொல். மதினியிடம் நானே பேசுகிறேன்.

சில வாரங்களில் வாய்ப்புண் ஆறி அவள் போதுமான அளவு சாப்பிடத் தொடங்கினால் குழாயை எடுத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் தேவைப்படும் என்றால் வயிற்றிலேயே சிறு துளையிட்டுக் குழாய் வைக்கும் முறையைப் பற்றிப் பேசுவார்கள். அதைக் கேட்டும் கலங்க வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், ஒரு வேளைக்கு எவ்வளவு, எத்தனை வேளை, இரவில் குழாய் வெளியே வந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல். செவிலியர் முன்னால் மருமகள் தன் கையாலேயே இரண்டு மூன்று வேளை கொடுத்துப் பழகட்டும். உன் மகனுக்கு விடுப்புக் கிடைக்காவிட்டால் நான் புறப்பட்டு வந்து அவளோடு தங்குகிறேன். நாகர்கோவில் வழியாக ரயிலில் வந்துவிடுவேன். எந்தத் தேதிக்கு வர வேண்டும் என்று மட்டும் தெரியப்படுத்து.

அன்புடன்,
உன் தோழி