நாலு மணிக்கு வந்தவருக்கும் மற்ற எல்லாருக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், பம்பாயிலும் சென்னையிலும் திருப்பூரிலும் இருந்துகொண்டு எங்களை நினைத்த ஊர்க்காரர்களுக்கும், நம் கோவில் வாசலை மிதித்திராவிட்டாலும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றவர்களுக்கும் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

வேலூர் மறுவாழ்வு மையத்திலிருந்து வீட்டுக்காரரோடு வந்து இன்றைக்கு எட்டாவது நாள். வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. நேற்று ராத்திரி இரண்டு மணிக்குப் பழக்கத்தில் விழிப்பு வந்து, வீட்டுக்காரரைத் திருப்பிப் படுக்க வைக்க எழுந்தேன். அவர் ஏற்கெனவே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தானாகவே திரும்பியிருக்கிறார். முழங்கால்களுக்கு நடுவில் தலையணைகூடச் சரியாக இருந்தது. வேலூரில் பகல் நேரத்தில், சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்தில் நிற்க, இதைப் பலமுறை செய்திருக்கிறார். நம் வீட்டில், இருட்டில், என்னை எழுப்பாமல் செய்தது இதுதான் முதல் தடவை. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அடுக்களையில் போய் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டு வந்தேன். காலையில் இந்த மடலை எடுத்துவிட்டேன்.

போன வருஷம் மே மாதம் வீட்டுக்காரர் பனையிலிருந்து விழுந்ததை இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப்பேர் அன்றைக்கு அந்தப் பனை விளையில் நின்றீர்கள், மீதிப்பேருக்கு அவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்தப் பனை இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை, பதினாறு வருஷம் எங்களுக்குச் சோறு போட்ட மரம் அது.

முதலில் பொதுவான நன்றியைச் சொல்லிவிடுகிறேன். யாரையாவது விட்டுவிட்டால் மன்னியுங்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கே வந்து ஜெபித்த ஐயரவர்களுக்கு. கைப்பிடி அரிசிக் காணிக்கையை மூன்று மாதம் எங்கள் வீட்டுப் பானையில் கொட்டிய பெண்கள் ஐக்கியத்து அக்காமாருக்கு. நார்க்கட்டில் குழிந்து முதுகை அழுத்துகிறது என்று தெரிந்ததும் தண்ணீர் மெத்தை வாங்கிவந்த வாலிபர்களுக்கு. பனைமரத் தொழிலாளர் நல வாரியத்துக்கு மனு எழுதி, நான் மூன்று முறை தப்பாகக் கையெழுத்துப் போட்டும் சலித்துக்கொள்ளாத சாருக்கு. இரண்டு சிப்பம் கருப்பட்டிக் கடனை நோட்டிலிருந்து அடித்துவிட்டு, "கணக்கு முடிஞ்சு போச்சு, நீங்க போங்க" என்று அனுப்பிய உடன்குடிக் கடைக்கார பாய்க்கு. தேரி மணலில் சக்கர நாற்காலி ஓடாது என்று முன்கூட்டியே யோசித்து, வாசலிலிருந்து ரோடு வரைக்கும் சிமெண்டுத் தளம் போட்டு வைத்திருந்த என் தம்பிக்கும் அவன் கூட்டாளிகளுக்கும். நீங்கள் செய்ததெல்லாம் சின்ன உதவி இல்லை. ஆனால் இந்த மடலில் ஒருவரைப் பற்றித்தான் நிறைய எழுதவேண்டும். பெயர் போட்டால் இனிமேல் என்னோடு பேசமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால் போடவில்லை. காலை ஐந்து மணிக்கு நம் கோவில் மணியை யார் அடிக்கிறார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

தண்டுவடத்தில் அடிபட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத இடத்தில் உடம்பின் பாரமே ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், படுக்கைப்புண் வந்துவிடும், அந்தப் புண் உயிரையே எடுத்துவிடும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா இதை மூன்று தடவை சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அன்றிலிருந்து என் ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு என்று துண்டு துண்டாகிவிட்டது. பகலில் வீட்டு வேலை, ஆட்டுக்குத் தழை, மாமியாருக்கு மருந்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஒரு மாதம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் ஒருநாள் நாலு மணி அலாரம் காதில் விழவேயில்லை. ஐந்து மணிக்குக் கோவில் மணி அடித்தபோதுதான் பதறி எழுந்தேன். இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்திருந்தது.

அன்றைக்கு வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போது தாத்தா மணி அடித்துவிட்டு அந்த வழியாக வந்தார். நான் பாதி விளையாட்டாகவும் பாதி ஆற்றாமையாகவும், "தாத்தா, ஒங்க மணிய நாலு மணிக்கே ஒரு தடவ அடிச்சா எனக்கு ஒதவியா இருக்கும்" என்றேன். அவர் நின்று, சிவந்த இடத்தைப் பற்றி மட்டும் இரண்டு கேள்வி கேட்டார். எவ்வளவு பெரிசு, அழுத்தினால் வெளுக்கிறதா. போய்விட்டார்.

மறுநாள் நாலு மணிக்கு வாசலில் செருமல் சத்தம். கதவைத் திறந்தால் தாத்தா. கையைக் கழுவி, வாட்ச்சைக் கழற்றி மடியில் செருகியிருந்தார். நான் ஒன்றும் கேட்கும் முன்னாலேயே, "மணி அடிச்சா ஊரே முழிச்சிரும் தாயி. நீ தூங்கு, நான் திருப்பிக்கிடுதேன்" என்றார்.

எனக்கு நம்பிக்கை இல்லை, நின்று பார்த்தேன். நான் இரண்டு கையாலும் தள்ளித் திணறுகிற காரியத்தை அவர் ஒரு மடித்த வேட்டியை வைத்து முடித்தார். இடுப்புக்கும் முதுகுக்கும் கீழே வேட்டியைச் செருகி, எதிர்ப்பக்கம் நின்று மெதுவாகத் தன்பக்கம் இழுத்தார். உடம்பு மொத்தமும் ஒரே மரக்கட்டைபோலத் திரும்பியது. முழங்கால் நடுவில் தலையணை. குதிகால் மெத்தையில் படாமல் கணுக்காலுக்குக் கீழே சுருட்டிய துணி. கையால் சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டார், ஒரு மடிப்புக்கூட அழுத்துமாம். டார்ச் அடித்துக் குதிகாலையும் முதுகு முடிவையும் பார்த்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் மனைவி கடைசி நாலு வருஷம் படுக்கையில் இருந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த நாலு வருஷத்தில் நான் அந்த வீட்டுக்கு இரண்டு தடவைதான் போயிருப்பேன், அதுவும் பண்டிகைக்குப் பலகாரம் கொடுக்க.

அன்றைக்கு நான் இரண்டு மணிக்குத் திருப்பிவிட்டுப் படுத்தவள்தான், நாலு மணிக்குக் கதவைத் திறந்து, அவர் செய்வதைப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடினேன். இரண்டாம் நாளிலிருந்து மாமியார் கதவைத் திறந்துவிட்டார்கள். எனக்கு இரண்டிலிருந்து ஆறு வரைக்கும், நடுவில் முறியாத நாலு மணி நேரம் கிடைத்தது. மூன்றாம் நாள் காலையில் தோசையின் மணம் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் வாசனை என்ற ஒன்று இருந்ததையே மறந்திருந்தேன்.

ஜூலையிலிருந்து ஜனவரி வரைக்கும், அடைமழையிலும், மார்கழிப் பனியிலும், கிறிஸ்துமஸ் அன்றைக்கும் தாத்தா வந்தார். அவர் ஒருநாளும் சத்தமாக ஜெபித்ததில்லை, வசனம் சொன்னதில்லை. திருப்பிவிட்டு, என் வீட்டுக்காரர் விழித்திருந்தால் பதநீரைப் பற்றியோ மழையைப் பற்றியோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மணி அடிக்கப் போய்விடுவார். ஐந்து மணிக்கு மணிச் சத்தம் தூக்கத்துக்குள் கேட்கும். சரி, முதுகு பத்திரம் என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

நான் ஓய்வுநாள் பள்ளியில் பதினோரு வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். எலியா தீர்க்கதரிசியின் கதை என்றால் கர்மேல் மலையில் அக்கினி இறங்குவதோடு நிறுத்திவிடுவேன். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும். அடுத்த அதிகாரத்தில் அதே எலியா உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார். தேவதூதன் வருகிறான். எலியாவின் அவிசுவாசத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, சாப்பிடச் சொல்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் திட்டவில்லை, இன்னொரு தடவை வந்து சாப்பாட்டுக்கு எழுப்புகிறான். கர்த்தர் அவரோடு பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான், நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு. முதலில் தூக்கமும் அடையும். பதினோரு வருஷமும் இந்தப் பக்கத்தை நான் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன்.

127-ம் சங்கீதத்தில், தமக்குப் பிரியமானவனுக்கு அவர் நித்திரை அளிக்கிறார் என்று வருகிறது. நேரத்தோடு எழும்பாதவர்கள் சாக்குச் சொல்லப் பயன்படுத்துகிற வசனம் என்று நினைத்திருந்தேன்!

வேறு மாதிரி வந்தவர்களும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்த மடல் பாதி பொய்யாகிவிடும். வீட்டுக்கு வந்த ஒரு ஊழியர், கட்டிலில் படுத்திருப்பவர் காதில் விழும்படியே, விசுவாசம் இருந்தால் இதற்குள் எழுந்து நடந்திருக்க வேண்டும் என்றார். மறைவான பாவம் ஏதாவது உண்டா என்று என்னைத் தனியாகவும் கேட்டார். அன்றைக்கு முழுக்க என் வீட்டுக்காரர் கஞ்சி குடிக்கவில்லை. அந்த ஊழியரை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். முக்கால்வாசி ஆகியிருக்கிறது, மீதிக்கு ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. பதில் வேலூரில் கிடைத்தது. பாகாயத்தில் நாங்கள் மூன்று மாதம் இருந்த மறுவாழ்வு மையம் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மாவின் முயற்சியால் 1966-ல் தொடங்கியது. 1954-ல் ஒரு கார் விபத்தில் அந்த அம்மாவுக்கும் தண்டுவடத்தில்தான் அடி. கால்கள் போன பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். 1986-ல் கண்மூடும்வரை அவர்கள் எழுந்து நடக்கவில்லை. அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று வேலூரில் போய் யாராவது சொல்லிப் பார்க்கட்டும். இந்தக் கதையை என் வீட்டுக்காரருக்குச் சொன்னவர் பயிற்சி கொடுக்கிற தம்பி. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். சாயங்காலம், "அந்த அம்மா உக்காந்துக்கிட்டே ஆபரேசன் பண்ணியிருக்காவ. எனக்குக் கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு" என்றார். பனை ஏறின கை. நாற்காலியில் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்கிற பயிற்சியில் அவரை மிஞ்ச அந்த வார்டில் ஆளில்லை.

அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாள் உடம்பு முழுக்கச் சோதித்த டாக்டரம்மா, இவ்வளவு மாதம் படுக்கையில் இருந்தவருக்கு ஒரு புண்கூட இல்லையே, வீட்டில் யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் மணி அடிக்கிற தாத்தா என்றேன். அவர்களுக்குப் புரிந்ததா தெரியவில்லை, சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்கள்.

குணமாக வேண்டும் என்று கேட்டோம். என்ன கிடைத்திருக்கிறது என்று எனக்கு இன்னும் பெயர் வைக்கத் தெரியவில்லை. பனையேற எடுத்துப்போகிற அருவாப்பெட்டியும் தளைநாரும் சுவரில் தொங்குகின்றன, அவர் இனி அதை எடுக்கப்போவதில்லை. சில ராத்திரிகளில் அவர் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார், நானும் அதைப் பார்ப்பேன். ஆனாலும் நேற்று ராத்திரி அவர் தானாகத் திரும்பிப் படுத்தார்.

அக்காமாரிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இந்த மாதத்திலிருந்து எங்கள் வீட்டுக் கைப்பிடி அரிசியும் பானைக்கு வரும். அதோடு, ஊரில் படுக்கையில் இருப்பவர்கள் யார் வீட்டிலாவது ராத்திரி ஒரு நேரம் திருப்பிவிட ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். வேட்டி முறை எனக்கும் கைவந்துவிட்டது.

கடைசியாகக் கோவில் கமிட்டியாருக்கு ஒரு விண்ணப்பம். தாத்தாவுக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன். இரண்டு வாரம் குனியக்கூடாது, பாரம் இழுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டு வாரமும் ஐந்து மணி மணியைத் தான் அடிப்பதாக என் வீட்டுக்காரர் தாத்தாவிடம் சொல்லி, தாத்தாவும் சரி என்றுவிட்டார். தளம் எங்கள் வாசலிலிருந்து ரோடு வரை இருக்கிறது, ரோட்டிலிருந்து கோவில் வரை என் தம்பி தள்ளிக்கொண்டு போவான். நேற்று சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்கள். நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டால் இழுப்பதில் கஷ்டம் இல்லை. மணிக் கயிறு மட்டும் நிற்கிற ஆளுக்குக் கட்டின உயரத்தில் இருக்கிறது. தயவுசெய்து இரண்டு முழம் கூட்டிக் கட்டித் தாருங்கள்.