மொட்டைமாடி பெஞ்சுக்கு எந்தப் பூச்சு?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மொட்டைமாடிக்குத் தேக்கில் பெஞ்ச் செய்துவிட்டாய் என்பதில் ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் பாலிஷ்காரர் மெலமைன் அடிக்கலாம் என்றாராமே, அது வேண்டவே வேண்டாம். அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன்.

மெலமைன் வீட்டுக்குள் இருக்கும் சாப்பாட்டு மேசைக்கு உரியது. காய்ந்தால் கண்ணாடி போல் இறுகிவிடும். வெளியில் கிடக்கும் மரமோ ஐப்பசி மழையில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மயிரிழை வெடிப்பு விழும். அதன் வழியே இறங்கும் தண்ணீர் உள்ளேயே தங்கி, பூச்சு வெள்ளை பூத்து உரியும். அரக்கு பாலிஷ் இதைவிட மோசம், மழையில் நனைந்தாலே வெளுத்துவிடும்.

நிறமில்லாத பூச்சு எதற்குமே இன்னொரு குறை உண்டு. புற ஊதாக் கதிர் அதை ஊடுருவி அடியிலுள்ள மரத்தைத் தாக்கும். நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் சிதைந்து, மரத்தின் மேல்தோலே பூச்சோடு கழன்று வந்துவிடும். கதிரைத் தடுக்கும் சேர்மானமுள்ள மரைன் வார்னிஷ், அதாவது படகுகளுக்கு அடிக்கும் வார்னிஷ், தாங்கும்தான். ஆனால் ஆறேழு கோட் வேண்டும். வருஷா வருஷம் லேசாகத் தேய்த்து மேல்கோட் போட வேண்டும். ஒரு தடவை தவறவிட்டு அது உரியத் தொடங்கினால், பலகை இடுக்கெல்லாம் சுரண்டியாக வேண்டும். முதல் நாள் பளபளப்பை விட, நாலாவது வருஷம் அதைச் சரிசெய்வது எவ்வளவு சுலபம் என்பதைப் பார்த்துத்தான் பூச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதனால் நீ வாங்க வேண்டியது, பழுப்பு நிறமி கலந்த வெளிப்புற மர எண்ணெய். மரத்துக்குள் இறங்கிவிடுவதால் உரிவதற்குப் படலமே இருக்காது. நிறமியே வெயிலை மறிக்கும். டப்பாவில் 'டீக் ஆயில்' என்றிருந்தால் அது தேக்கிலிருந்து வடித்தது என்று நினைத்துவிடாதே. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ, டங் மரத்து விதையில் எடுக்கும் டங் எண்ணெயோ கரைப்பானில் கலந்ததுதான். வெறும் ஆளிவிதை எண்ணெயைப் பூசினால் ஈரக் காற்றில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும்.

மழை ஓய்ந்து, மரம் நிழலில் நன்றாக உலர்ந்த பிறகு, மாசியில் வேலையைத் தொடங்கு. முதலில் 80ஆம் நம்பர், அடுத்து 120ஆம் நம்பர் உப்புத்தாள். நம்பர் கூடக்கூடத் தாள் நைசாகும், 150க்கு மேல் போகாதே. வழவழப்பு கூடினால் எண்ணெய் இறங்காது. தேக்கின் சொந்த எண்ணெய் பூச்சை உலரவிடாது என்பதால், அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்த உடனே பூசு.

எண்ணெய்க்கு முன்னால் கால்களின் அடிமுனையைக் கவனி. பெஞ்ச் முதலில் மக்குவது அங்கேதான், ஏனென்றால் நார் குறுக்கே வெட்டுப்பட்ட அந்த முகம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நீர்த்த எபாக்ஸியை (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பிசின்) அது குடிப்பதை நிறுத்தும்வரை இரண்டு மூன்று தடவை தடவி, இறுகியதும் காலடியில் நைலான் புஷ் (மூடி) மாட்டு. எண்ணெய் பட்ட இடத்தில் எபாக்ஸி ஒட்டாது.

பிறகு நிழலில் வைத்து எண்ணெய் பூசு. 15, 20 நிமிஷம் கழித்து மேலே நிற்பதை முழுக்கத் துடைத்தெடு. துடைக்காவிட்டால் நாள் கணக்கில் பிசுபிசுக்கும், தூசியும் ஒட்டும். மறுநாள் இரண்டாவது கோட். மூன்று பேர் உட்காரும் பெஞ்சுக்கு ஒரு லிட்டர் தாராளம். துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டுவிடாதே, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வை, இல்லையென்றால் தரையில் விரித்துக் காயப்போடு.

இரும்புத் திருகாணி இருந்தால் இப்போதே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடு. மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்தால் கறுப்புக் கறை விழும். ஏற்கெனவே விழுந்திருந்தால், எண்ணெய்க்கு முன் ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்துத் தடவி, நிறைய தண்ணீர் விட்டுக் கழுவு. அது விஷம், கையுறை கட்டாயம்.

அதற்கப்புறம் பராமரிப்பு சுலபம். பலகையில் தண்ணீர் தெளித்துப் பார். முத்து முத்தாக நின்றால் விட்டுவிடு. ஊறினால் கழுவிக் காயவைத்து ஒரு கோட் கொடு. சுரண்டல் கிடையாது.

இவை எல்லாம் வைரம் பாய்ந்த தேக்குக்குத்தான் பொருந்தும். மரப்பட்டையை ஒட்டிய வெளிறிய புறமரம் கலந்திருந்தால் எந்த எண்ணெயும் அதை நெடுநாள் காப்பாற்றாது. பெஞ்சைக் கவிழ்த்து, காலிலும் சட்டத்திலும் வெளிறிய கீற்று எங்கெங்கே ஓடுகிறது என்று பார்த்து எழுது. எண்ணெயை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்