பக்கத்து மூலக்கூறின் லைசின்

அன்புள்ள நண்பனுக்கு,

ஏழு மாதங்களாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்துவிட்டு இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பாசம் அல்ல, வெட்கம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். உன் முதுகுவலி குறைந்ததா? பெரியவள் தேர்வை முடித்துவிட்டாளா? மாடி அறைக்காரர் இன்னமும் நள்ளிரவில் அறிவுரை அனுப்பிக்கொண்டிருக்கிறாரா? நலம் விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற முறை தொலைபேசியில் உன்னை ஒரு மணி நேரம் நகரவிடாமல் பிடித்துவைத்துக்கொண்டு நான் பெருமையடித்த அந்த மூன்று தொடுகைகளை, அதாவது புரதத்துக்குள் அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் இடங்களை, நீ மறந்திருக்க மாட்டாய். இயல்பான நொதியில் திறந்திருக்கும் வளையம் (புரதச் சங்கிலியின் வளைந்த ஒரு துண்டு), ஓர் அமினோ அமிலம் மாறிய வடிவத்தில் மூடிக்கொள்கிறது என்றும், மூடிய நிலையைப் புதிதாகத் தோன்றிய மூன்று தொடுகைகள் தாங்குகின்றன என்றும், மாற்றம் நிகழ்ந்த இடத்துக்கும் வளையத்துக்கும் இடையே 20 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தொலைவு இருந்தும் நடுவிலுள்ள ஐந்து எச்சங்கள் (சங்கிலியில் கோத்த அமினோ அமிலங்கள்) வழியாகச் செய்தி கைமாறிப் போகிறது என்றும் சொன்னேன். அம்புக்குறிகள் போட்டு வலைப்பின்னல் படம்கூட வரைந்து அனுப்பினேன். அந்தப் படத்தைத் தயவுசெய்து அழித்துவிடு.

தொடுகைகள் பொய்யல்ல, இப்போதும் அங்கேயே இருக்கின்றன. லியூசின் ஃபினைலலனினின் ஆறு கார்பன் வட்டத்தின்மேல் சாய்ந்திருக்கிறது. ஆர்ஜினினுக்கும் ஆஸ்பார்டிக் அமிலத்துக்கும் நடுவே உப்புப் பாலம், அதாவது எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பு, இருக்கிறது. நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடைவெளி 3.9 ஆங்ஸ்ட்ராம், அதாவது 4 என்று வழக்கமாக வைக்கும் எல்லைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்த பாலம் அது. மூன்றாவது, ஆஸ்பரஜினின் ஹைட்ரஜன் பிணைப்பு. அதன் பக்கச் சங்கிலி நுனியில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் எக்ஸ்-கதிர்கள் காட்டும் எலக்ட்ரான் அடர்த்தியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும் என்பதால், யாரோ 180 பாகை திருப்பி வைத்திருந்தால் என் பிணைப்பே தலைகீழாகிவிடும். அதையெல்லாம் சரிபார்த்தேன் என்பது எனக்கு ஆறுதல். சரிபார்க்காமல் விட்டது வேறொன்று.

புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி, படிகத்திலிருந்து பெற்ற கட்டமைப்புக் கோப்பில் இரண்டு சங்கிலிகள் (ஒரே புரதத்தின் இரண்டு பிரதிகள்) இருக்கும்போது நீங்கள் ஏன் ஏ சங்கிலியை மட்டும் எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். இரண்டும் ஒரே புரதம்தானே, முதலாவதை எடுத்தால் போதும் என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லிவிட்டேன். உண்மையில் நான் முடிவு செய்து எடுத்ததே இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் அவசரமாக எழுதிய நிரல் முதல் சங்கிலியோடு நின்றுவிடும், அவ்வளவுதான். அவள் வாதாடவில்லை. மறுநாள் காலை பி சங்கிலியின் தொடுகை வரைபடத்தை (எந்த எச்சம் எதைத் தொடுகிறது என்று புள்ளிகளால் காட்டும் கட்டத்தை) அச்சிட்டு என் மேசைமேல் வைத்திருந்தாள். மூலைவிட்டத்தை ஒட்டிய தடித்த பட்டைகளாக ஆல்ஃபா சுருள்கள் இருந்தன. மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக, எதிரெதிர்த் திசையில் ஓடும் பீட்டா இழைகளின் கோடு இருந்தது. என்னுடைய மூன்று புள்ளிகள் மட்டும் இல்லை. அதே மாற்றம், அதே படிகம், அதே கோப்பு. ஒரு சங்கிலியில் வளையம் மூடியிருக்கிறது, மற்றொன்றில் இயல்பான நொதியைப் போலவே திறந்து கிடக்கிறது.

அன்று பிற்பகல் கதவைச் சாத்திக்கொண்டு, படிகத்தின் சமச்சீர்மையைக் கொண்டு சுற்றியுள்ள மூலக்கூறுகளையும் திரையில் வரவழைத்தேன். வளையத்தை நோக்கித் திருப்பியதும் தெரிந்துவிட்டது. பக்கத்து மூலக்கூறின் லைசின் ஒன்று, நான்கு கார்பன் நீளமுள்ள தன் கையை நீட்டி, நுனி நைட்ரஜனால் வளையத்தின் நடுமுதுகை அழுத்திக்கொண்டிருந்தது. வளையம் உள்ளே போனது அதனால்தான். உள்ளே போனபின் அங்கே எது இருந்ததோ அதைத் தொட்டது. பி சங்கிலியின் அதே இடத்துக்கு எதிரே நீர் நிறைந்த வெற்றிடம். இயல்பான நொதி வேறொரு முறையில் அடுக்கப்பட்ட படிகத்தில் விளைந்தது, அங்கும் வளையத்தின் முன் நீர்தான். ஆக, நான் இரண்டு புரதங்களை ஒப்பிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டு அடுக்குமுறைகளை ஒப்பிட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமல் குடியேறாதே என்று நீ அந்தக் காலத்திலேயே சொன்னாய். சிரித்துக்கொள், உனக்கு உரிமை இருக்கிறது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது நிரலின் பிழைகூட அல்ல, தொடுகை என்ற சொல்லை நாம் எவ்வளவு அலட்சியமாகப் புழங்குகிறோம் என்பதுதான். பக்கச் சங்கிலியின் முதல் கார்பனான பீட்டா கார்பன்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவு, அந்தக் கார்பன் இல்லாத கிளைசினாக இருந்தால் முதன்மைச் சங்கிலியின் ஆல்ஃபா கார்பன் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே போகிறோம். அந்த அளவுகோலின்படி, ஏழரை ஆங்ஸ்ட்ராம் தள்ளி ஒன்றையொன்று எட்டவே முடியாத இரண்டு அலனின்கள் தொட்டுக்கொள்கின்றன. பீட்டா கார்பன்கள் 9 ஆங்ஸ்ட்ராம் விலகியிருந்தும் நீண்ட பக்கச் சங்கிலிகளின் நுனிகளால் கைகோத்திருக்கும் ஆர்ஜினினும் குளுட்டாமிக் அமிலமும் தொட்டுக்கொள்ளவில்லை. ஹைட்ரஜன் நீங்கலான அணுக்களுக்கு இடையே 4.5 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்தால் இந்த இரண்டு குறைகளும் தீரும், ஆனால் பக்கச் சங்கிலி சரியாகத் தெரியாத தெளிவற்ற கட்டமைப்புகளில் அந்த அளவுக்கு மரியாதை இல்லை. எந்த எல்லையும் யார் தொடுகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. யார் தள்ளியதால் தொடுகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை.

நீ இப்போது கேட்கப்போவது எனக்குத் தெரியும்: இனி அண்டை மூலக்கூறு தொடும் எச்சங்களையெல்லாம் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டியதுதானே? நானும் கோபத்தில் அப்படி ஒரு வரியை நிரலில் எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைக்கும் நோயின் ஹீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) நினைவுக்கு வந்து கை நின்றுவிட்டது. பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் வருகிறது. 1950-களில் உயிர்வேதியியலாளர் இங்கிராம் அந்த வேறுபாட்டைத் தேடியபோது ஹீமோகுளோபினின் கட்டமைப்பே தெரியாது. ஆக்சிஜன் நீங்கிய நிலையில் அந்த வேலின், தன் மூலக்கூறுக்குள் எதையும் பிடிக்காமல், பக்கத்து ஹீமோகுளோபினின் 85-ஆவது ஃபினைலலனினும் 88-ஆவது லியூசினும் அமைக்கும் பள்ளத்துக்குள் போய் உட்காருகிறது. இழை இழையாகக் கோத்துக்கொண்டு சிவப்பணுவையே வளைத்துவிடும் நோயின் வேர் அந்த ஒரு தொடுகை. அந்த ஹீமோகுளோபினின் படிகத்தில் தெரிந்த இரட்டை வரிசையும் செல்லுக்குள் உருவாகும் இழையின் அடிப்படை அமைப்பும் ஒத்துப்போகின்றன. அண்டை மூலக்கூறின் தொடுகையை நீக்கும் என் வரி அங்கே இருந்திருந்தால், நோயை நீக்காமல் நோயின் காரணத்தை மட்டும் நீக்கியிருக்கும்.

என் லைசினுக்கு அந்தப் பெருமை எதுவும் இல்லை. அந்த இடைமுகத்தில் மறையும் பரப்பு மிகச் சிறியது, நீர்விலக்கும் எச்சம் ஒன்றுகூட அதில் இல்லை, கரைசலில் இந்த நொதி தனி மூலக்கூறாகவே இருக்கிறது. புரதப் படிகங்களின் கன அளவில் பெரும்பாலும் 27 முதல் 65 விழுக்காடு வரை நீர்தான் என்று படிக ஆய்வாளர் மேத்யூஸ் 1968-இலேயே காட்டியிருந்தும், படிகத்தைச் செங்கல் சுவராகவே கற்பனை செய்துகொண்டிருந்தேன். ஈரச் சேற்றில் அங்கங்கே முழங்கை இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம் என்று நினைத்திருந்தால் அந்த முழங்கையை முன்பே தேடியிருப்பேன்.

மாடி அறைக்காரர், இதற்கெல்லாம் அமினோ அமிலத் தொடரிலிருந்து புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரலைக் கேட்டிருக்கலாமே என்று எழுதியிருக்கிறார். கேட்டேன். இயல்பான தொடருக்கும் மாறிய தொடருக்கும் ஏறக்குறைய ஒரே கட்டமைப்பைத் தந்தது, வளையத்துக்கு மட்டும் நம்பிக்கை மதிப்பெண் குறைவு. ஓர் எச்சம் மட்டும் மாறியதன் விளைவைச் சொல்ல அது உருவாக்கப்படவில்லை. உறவுப் புரதங்களின் தொடர்களில் சேர்ந்தே மாறும், அதனால் தொட்டுக்கொள்ளக்கூடும் என்று கருதப்படும் இணைகளைத் தேடும் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். என் மூன்று இணைகளில் ஒன்றுகூடச் சேர்ந்து மாறவில்லை. பெருமையடிக்கும் முன்பே அதைப் போட்டிருக்க வேண்டும்.

கருத்தரங்குக்கு அனுப்பிய சுருக்கத்தை நேற்றுத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். காரணம் கேட்ட கட்டத்தில் மாணவியின் கேள்வியை அப்படியே எழுதினேன். புதிய கட்டுரையில் அவள் பெயர் முதலில் வரும், அதில் எனக்கு வருத்தம் இல்லை, கொஞ்சம்தான் இருக்கிறது.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். மாறிய வடிவத்தின் மேலும் இரண்டு படிகங்களை அவள் வளர்த்திருக்கிறாள். நான்கு சங்கிலிகளின் தொடுகை வரைபடங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன், எது எந்தப் படிகத்திலிருந்து வந்தது என்று வேண்டுமென்றே குறிக்கவில்லை. எவற்றில் வளையம் மூடியிருக்கிறது என்று நீயே பார்த்து எழுது. அண்டை மூலக்கூறுகளின் பட்டியலை அதன்பிறகு அனுப்புகிறேன். என் கண்ணை இந்த விஷயத்தில் நான் இப்போது நம்புவதாக இல்லை.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

உன்,
முதல் சங்கிலிக்காரன்