கலரில் எடுத்த கறுப்பு வெள்ளை

டிக்கோயா
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

நீ கொடுத்தனுப்பிய பார்சல் போன கிழமை வந்து சேர்ந்தது. மகளுக்குக் குளிர்சட்டை அளவு சரி. சாக்லேட் இரண்டு நாள் தாங்கவில்லை. அதோடு வந்த படத்தின் டிவிடி டிஸ்க்தான் என்னைப் படுத்திவிட்டது. டிவிடியை உலகத்துப் பகுதிக்கு ஒரு நம்பராகப் பூட்டித்தான் விற்கிறார்கள்: கனடாவில் விற்பது ரீஜன் 1, நம்ம இலங்கைப் பக்கத்துக்கு 5. வீட்டுப் பிளேயர் உள்ளே வாங்கிய வேகத்திலேயே வெளியே துப்பியது. ஹட்டனில் ரிப்பேர் கடைப் பையன் ரிமோட்டில் என்னவோ நம்பர் தட்டிப் பூட்டைத் திறந்துவிட்டான். கூலி எவ்வளவு என்றால், "படத்தக் குடுங்க அங்கிள், பாத்துட்டுத் தாறேன்" என்கிறான். அங்கிளாம்!

இங்கே ஒன்பது நாளாக விடாத மழை. கரண்ட் போய்ப் போய் வந்ததில் இரண்டு மணி நேரப் படத்தை இரண்டு ராத்திரியாகப் பார்த்தேன். முதலில் டிவியோடும் ஒரு சண்டை. கடையிலிருந்து வந்தபடியே வைத்திருந்ததால் கறுப்பு வெள்ளையில் ஒரு நீலம் அடித்தது, ஆட்கள் மெகா சீரியலில் நடப்பதுபோல் வழுக்கிக்கொண்டு நடந்தார்கள். டிவி செட்டிங்கை 'சினிமா' என்று மாற்றிய பிறகுதான் சாம்பல் சாம்பலாக வந்தது.

'தி மேன் ஹூ வாஸ்ன்ட் தேர்'. 2001ஆம் ஆண்டுப் படம், கதை நடப்பது 1949இல், கலிபோர்னியாவின் சாண்டா ரோசா என்ற சின்ன டவுனில். படத்தை எடுத்த கோயன் சகோதரர்களில் ஜோயலுக்கு இதற்காகக் கான் திரைப்பட விழாவில் இயக்குநர் விருது கிடைத்தது, இன்னொரு இயக்குநர் டேவிட் லிஞ்சோடு பங்குபோட்டு. முடிவெட்டுகிற ஒருவன். தண்ணீரே இல்லாமல் துணி வெளுக்கும் 'டிரை கிளீனிங்' கடையில் பங்கு தருகிறேன் என்று வந்தவனை நம்பி, பத்தாயிரம் டொலருக்காக மனைவியின் கள்ளக் காதலனுக்கே மிரட்டி மொட்டைக் கடிதம் போடுகிறான். முடிவெட்டுகிறவன் போட வேண்டிய கடிதம்தான்! அதற்குப் பிறகு கொலை, கைது எல்லாம். ஒவ்வொரு குற்றத்துக்கும் தண்டனை உண்டு, ஆனால் செய்த ஆளுக்கு இல்லை. இதற்குமேல் சொன்னால் நீ ஏசுவாய், பார்சலில் போட்டாயே தவிர நீ இன்னும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நம்ம டவுன் சலூன்காரர் நினைவிருக்கிறாரா? பள்ளிக்கூடக் காலம் முழுக்க அவர் முன்னால்தான் தலையைக் குனிந்தோம். எவ்வளவு யோசித்தும் அவர் குரல் எனக்கு ஞாபகம் வரவில்லை. கத்திரிச் சத்தம்தான் வருகிறது. இந்தப் படத்து ஆளும் அப்படித்தான். வாயில் சிகரெட், ஊரில் யாரோடும் பேச்சில்லை. ஆனால் படம் முழுக்க நம் காதில் பேசிக்கொண்டே இருக்கிறான். ஏன் இப்படி நீட்டி முழக்கினான் என்பதற்குக் கடைசியில் காரணம் சொல்கிறான் பார், ஒரு பத்திரிகை சொல்லுக்கு ஐந்து சதம் கொடுக்கிறதாம்! ஓரிடத்தில் முடியைப் பற்றிக் கேட்பான், நம்மோடு சேர்ந்தே வளர்கிறது, நாம் வெட்டிக் குப்பையில் போடுகிறோமே என்று. சலூன்காரர் பொழுதுபட்டதும் முடியைக் கூட்டி உரப்பையில் கட்டுவது கண்முன் வந்தது. பிளேன்டீ ஆறிப்போய்விட்டது. அவர் போன மாசிமாதம் தவறிவிட்டார், மச்சான். கடையில் இப்போது போன் கவர் விற்கிறார்கள்.

பறக்கும் தட்டு வருகிற இடம் எனக்கு ஒட்டவில்லை. வக்கீல் சிறைக்குள் வெளிச்சத் துண்டில் நின்று, உற்றுப் பார்க்கப் பார்க்க உண்மை நழுவும் என்று வாதம் கட்டுகிற இடத்தை மட்டும் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

இனித்தான் விசயம். கேமராமேன் ரோஜர் டீக்கின்ஸ் இதைக் கலர் ஃபில்மில்தான் எடுத்திருக்கிறார்! கறுப்பு வெள்ளை ஃபில்ம் பல காலமாகத் திருத்தம் காணாமல் பழையபடியே கிடந்ததாம், கலர் ஃபில்மில் படத்தில் தெரியும் பொடிப் புள்ளி குறைவாம். அதனால் கலரில் எடுத்துக் கறுப்பு வெள்ளையில் பிரதி போட்டிருக்கிறார்கள்.

படித்ததும் சிரித்துவிட்டேன். உங்கள் லயத்துக் காம்பராவில் கார் பேட்டரியில் ஓடிய பதினாலு இஞ்சு கறுப்பு வெள்ளை டிவி இதைத்தானே செய்தது? கலர்ப் படமெல்லாம் அதற்குள் சாம்பலாகித்தான் வரும். கதாநாயகி சேலை சிவப்பு என்று நீ, பச்சை என்று நான். ரொட்டி சுட்டுக்கொண்டே உங்கம்மா, "ரெண்டு பேரும் வாயப் பொத்துங்கடா, பேட்டரி எறங்கிறப் போவுது" என்பார், ஏதோ நம் சத்தம்தான் பேட்டரியைக் குடிக்கிறதுபோல. டவுனில் சார்ஜ் போட்டு மாறி மாறித் தோளில் தூக்கி வந்தவர்கள் நாம்தானே.

மகள் சாதாரண தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். எனக்கு முழங்கால் வலி, பேச ஒன்றுமில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறதா, எழுது.

டிஸ்க்கை அந்தப் பையனிடமிருந்து வாங்கி வைக்கிறேன். அதற்குள் நீ அங்கே ஒன்று தேடிப் பார். கதாநாயகன் மனைவி டோரிஸ் பார்ட்டிக்குப் போட்டுப்போகும் கவுன் என்ன கலர்? இந்தத் தடவை பதில் நெகட்டிவில் நிஜமாகவே இருக்கிறது. நான் பச்சை என்கிறேன்.

உன் பழைய கூட்டாளி