ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் காலை உணவு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைப் பகுதியில், ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நெடுங்காலம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது அதே பள்ளியின் மேலாண்மைக் குழுவில் கல்வியாளர் என்ற முறையில் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாளாவது காலை எட்டு மணிக்கெல்லாம் பள்ளிக்குப் போய்விடுவது வழக்கம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குச் செய்திருக்கும் நன்மையையும், அது எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் அருகிலிருந்து பார்த்து வருவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய இத்திட்டம், மாநிலம் முழுவதிலும் உள்ள அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு விரிவாக்கப்பட்டது எங்கள் பக்கத்துத் திருக்குவளையில்தான். அது 2023 ஆகஸ்ட் 25. அடுத்து 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் பள்ளிகளின் எண்ணிக்கை பெருகியது. பிள்ளையின் வகுப்பு மட்டும் ஐந்தைத் தாண்டவில்லை. தொடக்கப் பள்ளியில் இது கண்ணுக்குத் தெரியாது, அங்கே ஐந்தாம் வகுப்போடு பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விடுகிறது. எட்டாம் வகுப்பு வரை ஒரே வளாகத்தில் நடக்கும் நடுநிலைப் பள்ளியில்தான் இது தினமும் கண்முன் நிற்கிறது.

கடந்த ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அன்று பொங்கலும் சாம்பாரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் உட்கார, மற்றவர்கள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஏப்ரல் வரை அந்த வரிசையில் நின்று சாப்பிட்ட ஒரு பையன், பழக்கத்தில், தட்டைக் கழுவிக் கொண்டுவந்து அன்றும் நின்றுவிட்டான். பரிமாறிய மகளிர் குழுப் பெண்ணுக்கு அவனைக் கைக்குழந்தையிலிருந்தே தெரியும். "நீ ஆறாவது போயிட்டியேப்பா, ஒனக்குக் கணக்கு வரலையே, மத்தியானம் வா" என்று அவர் சொன்னபோது அவர் குரலும் சரியாக எழும்பவில்லை. அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரத் தட்டைச் சட்டையில் துடைத்துக்கொண்டே பைக்குள் வைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான். இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவன் தங்கை உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்று அளந்து வருவதை வைத்துத்தான் அவர் சமைக்கிறார். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதைக் கைப்பேசிச் செயலியில் அன்றன்றே பதிந்தாகவும் வேண்டும்.

வீட்டில் சாப்பிட்டு வரட்டுமே என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்துக் காலை நேரத்தை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். நடவு, களையெடுப்பு, அறுவடை எதுவானாலும் பெண்கள் விடியுமுன்னே கிளம்பிவிடுகிறார்கள். உள்ளூரில் வேலை இல்லாத நாட்களில் ஏஜென்ட் அனுப்பும் குட்டியானையில் ஏறி முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போகிறார்கள். அப்போது வீட்டுக்குப் பெரியவள் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் பெண்தான். தண்ணீர் பிடித்து வைப்பது, தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டித் தலைவாரி அழைத்து வருவது எல்லாம் அவள் வேலை. இரவு மிஞ்சிய சோறு இருந்தால் சின்னவர்களுக்குத்தான் முதலில் போகும். அவளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு டம்ளர் டீயும் இரண்டு ரஸ்க்கும். முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவள், அடுத்து வயிறு நிறைய உண்பது மறுநாள் மதியம் சத்துணவில்தான். இடையில் ஏறத்தாழ பதினாறு மணி நேரம். இறைவணக்கக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகள் யார் என்று எந்த நடுநிலைப் பள்ளி ஆசிரியரைக் கேட்டாலும், ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பெண் பிள்ளைகள்தான் அதிகம் என்று சொல்வார். என் பணிக்காலத்தில் அப்படி விழுந்தவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்ததைத் தவிர நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

பெண் பிள்ளை பெரியவளானால் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, வேண்டாம் வேண்டாம் என்றாலும் விடாமல் உண்ண வைப்பது நம் வீடுகளின் வழக்கம். அந்த வயதில் உடம்பு என்ன கேட்கும் என்பது படிக்காத பாட்டிகளுக்கும் தெரிந்திருந்தது. பதினொன்று முதல் பதினான்கு வயது வரை உடம்பு வேகமாக வளர்கிறது. மாதவிலக்கு தொடங்கியதும் இரும்புச்சத்தின் தேவை கூடுகிறது. அதே வயதில்தான் காலைத் தட்டு கையைவிட்டுப் போகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும், 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 52.9 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை இருக்கிறது. இடைப்பட்ட பள்ளி வயதை அந்த ஆய்வு அளக்கவில்லை. இரு கரையிலும் பாதிக்கு மேல் என்றால், நடுவில் மட்டும் பிள்ளைகள் நலமாக இருப்பார்கள் என்று நம்புவதற்கு இடமில்லை.

அரசு இதற்காக வாரம் ஒரு முறை இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையை வளரிளம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வெறும் வயிற்றில் விழுங்கினால் அது குமட்டும். மதிய உணவுக்குப் பின் கொடுத்தாலும், காலை முழுவதும் காய்ந்து கிடந்த வயிற்றில் சிலருக்குப் புரட்டத்தான் செய்கிறது. ஒரு முறை வாந்தி எடுத்த பெண் அடுத்த வாரம் மாத்திரையை வாயில் ஒதுக்கி வைத்திருந்து, கை கழுவும் இடத்தில் துப்பிவிடுகிறாள். அவளைப் பார்த்து நாலு பேர் துப்புகிறார்கள். பதிவேட்டில் எல்லோரும் விழுங்கியதாகவே இருக்கும். காலையில் சாப்பிடும் பிள்ளைக்குத்தான் மாத்திரையும் ஒட்டும் என்பதை நான் மருத்துவ நூல் பார்த்துச் சொல்லவில்லை, அந்தக் கை கழுவும் தொட்டியில் கிடந்த நீல மாத்திரைகளைப் பார்த்துச் சொல்கிறேன்.

உணவோடு முடிகிற விஷயமும் இல்லை இது. ஈரமும் வண்டலுமான எங்கள் மண்ணில் கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய், குடலில் தங்கி, ரத்தத்தை உறிஞ்சும். விலையில்லாக் காலணியை அரசு தருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நடந்து வரும் பிள்ளைகள், சேற்றில் சிக்கி அறுந்துவிடுமோ என்று பயந்து அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வருகிறார்கள். ஆகவே பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரை, அன்றைக்கு வராத பிள்ளைகளுக்கும் தவறாமல் போய்ச் சேர வேண்டும். விடுபட்டோருக்கென்று பின்னர் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. அதிலும் விடுபடுவது திரும்பத் திரும்ப அதே சில வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்கள் வீடு எதுவென்று வகுப்பு ஆசிரியருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் நன்றாகவே தெரியும்.

செலவு கூடும் என்பது அரசின் தரப்பில் சொல்லக்கூடிய நியாயமான தயக்கம். நடுநிலைப் பள்ளிகளைப் பொறுத்தவரை சமையற்கூடம் ஏற்கெனவே இருக்கிறது, அடுப்பு காலை ஆறு மணிக்கே எரிகிறது, சமைக்கும் பெண்களும் வந்துவிடுகிறார்கள். கூடுவது அரிசியும் பருப்பும் காய்கறியும், சற்றுப் பெரிய பாத்திரமும், ஆள் அதிகமாகும் இடத்தில் சமைப்பவர்களுக்கு அதற்கேற்ற ஊதியமும்தான். இதற்கு முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், முதலில் கிராமப்புறத்தில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு என்றுதான் வந்தது. அதே ஆண்டில் நகரங்களுக்கும், 1984-இல் 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கும் விரிந்தது. அன்றைய நிதிநிலையில் இரண்டே ஆண்டுகளில் முடிந்தது இன்று ஏன் முடியாது? உயர்நிலைப் பள்ளிகளில் படிக்கும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பினருக்கு ஏற்பாடு செய்யக் காலம் பிடிக்கலாம். நடுநிலைப் பள்ளிகளில் இதை ஓர் ஆணையால் தொடங்கிவிடலாம்.

பருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கிற நெற்பயிருக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது டெல்டாவின் பழக்கம். பனி ஈரத்திலேயே வளர்ந்து பங்குனி, சித்திரையில் கைக்கு வரும். அந்த உளுந்து மூட்டை மூட்டையாக வியாபாரி வண்டியில் ஏறி வெளியூர் போகிறது, விளைந்த ஊரின் பிள்ளைகள் தட்டுக்கு வருவதில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கொஞ்சம் கொள்முதல் செய்து, வாரத்தில் ஒரு நாளாவது காலையில் உளுந்தஞ்சோறோ பயற்றுக் கஞ்சியோ கொடுத்தால், விவசாயிக்கும் விலை கிடைக்கும்.

இன்னொன்று டெல்டாவுக்கே உரிய சிக்கல். வடகிழக்குப் பருவமழையில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளைகளுக்குக் காலை உணவும் இல்லை, மதிய உணவும் முட்டையும் இல்லை. வயலில் தண்ணீர் நிற்கும் அதே நாட்களில் பெற்றோருக்கும் கூலி இல்லை. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது அரிசியும் பருப்பும் முட்டையும் பெற்றோரிடம் நேரில் வழங்கப்பட்டன. அதே முறையில், தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் மழை விடுமுறை விடப்படும்போது முட்டையையும் பயற்றையும் வீட்டுக்குக் கொடுக்க நிலையான ஓர் உத்தரவு இருப்பது நல்லது. புயல் வந்த பிறகு யோசிப்பதற்கு நேரம் இருக்காது. 2018-இல் கஜா அடித்தபோது அதை அனுபவித்திருக்கிறோம்.

பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு ஒரு முறை பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். ரத்தசோகை என்று எழுதப்பட்ட பிள்ளையின் பெயர் அதற்குப் பின் என்ன ஆனது என்பதுதான் பள்ளியில் யாருக்கும் தெரிவதில்லை. ஹீமோகுளோபின் அளவைப் பெற்றோருக்குப் புரியும்படி ஒரு சிறு அட்டையில் எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து அந்தப் பிள்ளைகளுக்கு மட்டுமாவது மறுபடியும் பார்த்தால் போதும். நூறு நாள் வேலை அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் தாய், மகளின் ரத்த அட்டையையும் வைத்திருப்பாள்.

எங்கள் பள்ளியில் இப்போது ஐந்தாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆறு பேர் பெண் பிள்ளைகள். வரும் ஜூனில் அவர்கள் அதே கட்டடத்தில் பக்கத்து அறைக்குப் போவார்கள். நடுநிலைப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை காலை உணவு என்ற ஆணை அதற்கு முன் வந்துவிட்டால், பள்ளி திறக்கும் முதல் நாள் அவர்கள் தட்டோடு வரிசையில் நிற்கலாம். இதைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.